இருபது சென் வழக்கு

கிள்ளான் நகரில் வரிசை வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்புப் பகுதி. அங்கே ஒரு வீட்டின் உணவு மேசைமேல் உப்பு, சர்க்கரை, ஊறுகாய்ப் புட்டிகளோடு இன்னும் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, அட்டை நைந்து, முதுகில் துணி ஒட்டப்பட்ட பழைய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. மற்றொன்று, காசு போடுவதற்காக மூடியில் கீறல் இடப்பட்ட மைலோ டின்.

அகராதி தாத்தாவுடையது. அவர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். டின் வைக்கும் யோசனையும் அவருடையதுதான். பேத்தி முதலாம் படிவத்தில் சேர்ந்த ஆண்டில் அதைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தார். ஆங்கிலச் சொல் ஒன்றின் எழுத்துக்கூட்டலிலோ பொருளிலோ பயன்பாட்டிலோ ஒருவர் தவறு செய்துவிட்டதாக மற்றவர் கருதினால், உடனே 'வழக்கு' தொடுக்கலாம். தொடுத்தவர் அகராதியைத் திறந்து மெய்ப்பிக்க வேண்டும். தோற்றவர் டின்னில் இருபது சென் போட வேண்டும். டின் நிறைந்ததும் குடும்பத்தோடு போய்ச் செண்டோல் சாப்பிடுவார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரான அம்மாதான் இந்த வழக்குகளுக்கு நீதிபதி.

பேத்தி இப்போது நான்காம் படிவம் பயில்கிறாள். இதற்குள் டின் பல முறை நிறைந்துவிட்டது. தொடக்கத்தில் அவள் போட்ட காசே மிகுதி. இப்போதெல்லாம் தாத்தாவின் சட்டைப்பையும் அடிக்கடி காலியாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேத்தி மடிக்கணினியில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தோசையைப் பிய்த்தபடியே திரையை எட்டிப் பார்த்த தாத்தா, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்ற சொல்லில் 'யு' இருக்க வேண்டுமே. அது எங்கேயம்மா போயிற்று?"

"யு போட்டால் கணினி சிவப்புக் கோடு இழுக்கிறது, தாத்தா. எடுத்துவிட்டால் கோடும் போய்விடுகிறது. கணினிக்குத் தெரியாதா என்ன?"

"அந்தக் கணினி யாரிடம் ஆங்கிலம் படித்தது என்று கேட்டாயா?"

வழக்குப் பதிவாயிற்று. தாத்தா அகராதியைத் திறந்தார். பேத்தி இணையத்தைத் திறந்தாள். இருவரும் சேர்ந்து தேடியபோது அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இரண்டு அகராதிகளின் கதை இருந்தது தெரியவந்தது.

சாமுவேல் ஜான்சன் என்னும் அறிஞர் 1755-ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் அகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 42,000 சொற்களைக் கொண்ட அந்நூல், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு நிலைக்கு வருவதற்குப் பெரிதும் உதவியது. ஜான்சன் 'கலர்' என்ற சொல்லை 'யு' சேர்த்தே எழுதினார். பின்னர், அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் என்பவர் 1828-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70,000 சொற்கள் அடங்கிய அகராதியை வெளியிட்டார். அமெரிக்கா 1776-ஆம் ஆண்டில் விடுதலையை அறிவித்த நாடு. புதிய நாட்டுக்குரிய எழுத்துக்கூட்டல் வேண்டும், அது கற்பதற்கும் எளிதாக இருக்க வேண்டும் என்பது வெப்ஸ்டரின் எண்ணம். ஆகவே, 'கலர்', 'ஹானர்' முதலிய சொற்களில் தேவையற்றது என்று அவர் கருதிய 'யு'வை விலக்கினார். 'சென்டர்', 'தியேட்டர்' ஆகிய சொற்களின் இறுதியில் 'ஆர்-இ' என்று இருந்ததை 'இ-ஆர்' என மாற்றி எழுதினார்.

"அப்படியென்றால் உங்கள் ஜான்சனை வெப்ஸ்டர் வென்றுவிட்டார்" என்று பேத்தி கைதட்டினாள்.

"முழுதாக வெல்லவில்லை. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லை நான்கே எழுத்துகளில் எழுதச் சொன்னார். மக்கள் ஏற்கவில்லை. இன்றும் அமெரிக்கர் அதை ஆறு எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள்."

"ஜான்சன் சொன்னதை மட்டும் எல்லாரும் கேட்டார்களா, தாத்தா? அவர் 'மியூசிக்' என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'கே' போட்டிருக்கிறாராம். இன்று பிரிட்டனில்கூட யாரும் அதைப் போடுவதில்லையே!"

தாத்தா சிரித்தார். "அதிபரின் பேச்சையே கேட்காதவர்கள் இருக்கிறார்கள்" என்று இன்னொரு செய்தியைச் சொன்னார். 1906-ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிடும்படி அரசாங்க அச்சகத்துக்கு ஆணையிட்டார். செய்தித்தாள்கள் கேலி செய்தன. நாடாளுமன்றம் எதிர்த்தது. அதே ஆண்டிலேயே அவர் பின்வாங்க நேர்ந்தது.

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்பு வழங்கினார். "இரண்டு எழுத்துக்கூட்டலும் சரிதான். உன் கணினி அமெரிக்க ஆங்கிலத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது, அதனால் கோடு போடுகிறது. நம் நாட்டுப் பள்ளிகளில் பிரிட்டிஷ் முறையே வழக்கம். ஆனால், நீ முதல் பத்தியில் 'சென்டர்' என்ற சொல்லைப் பிரிட்டிஷ் முறையில் எழுதியிருக்கிறாய். இரண்டாம் பத்தியில் 'கலர்' என்ற சொல்லை அமெரிக்க முறையில் எழுதியிருக்கிறாய். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்ததுதான் குற்றம். போடு இருபது சென்!"

அடுத்த வாரமே பேத்தி பழிதீர்த்துக்கொண்டாள். அவள் 'ரியலைஸ்' என்ற சொல்லை 'இசட்' எழுத்தைக் கொண்டு எழுதியிருந்தாள். தாத்தா அதைக் கண்டதும் துள்ளினார். "எஸ் போட வேண்டிய இடத்தில் இசட் போடுவது அமெரிக்க முறை. போன வாரந்தானே தீர்ப்பாயிற்று? அகராதியே வேண்டாம், காசை எடு."

"விதி விதிதான், தாத்தா. வழக்குத் தொடுத்தவர் அகராதியைத் திறக்க வேண்டும்."

தாத்தா திறந்தார். ஐம்பது ஆண்டுகளாகத் தம்மோடு இருந்த அதே ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, 'ரியலைஸ்' என்ற சொல்லை 'இசட்' எழுத்தோடு முதலில் தந்திருந்தது. அந்த விகுதி கிரேக்க மொழியிலிருந்து வந்தது என்றும், அம்மொழியில் அதற்குரிய எழுத்து 'இசட்' எழுத்துக்கு இணையானது என்றும், அதனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அதையே விரும்புகிறார்கள் என்றும் இருவரும் பின்னர்த் தெரிந்துகொண்டார்கள். பிரிட்டனில் பலர் 'எஸ்' எழுதுவதும் உண்மைதான். ஆனால், 'இசட்' எழுதினாலே அது அமெரிக்க முறை என்று சொல்லிவிட முடியாது. அதற்காக எல்லாச் சொல்லிலும் 'இசட்' போட்டுவிடவும் கூடாது. விளம்பரம் செய்வதைக் குறிக்கும் 'அட்வர்டைஸ்', வியப்பைக் குறிக்கும் 'சர்ப்ரைஸ்' போன்ற சொற்களைப் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் 'எஸ்' கொண்டே எழுதுகின்றனர்.

தாத்தா நாற்பது சென் போட்டார். "இருபது, தோற்றதற்கு. இன்னும் இருபது, அகராதியே வேண்டாம் என்று சொன்னதற்கு" என்றார்.

இப்படி ஒவ்வொரு வழக்கும் புதிதாக ஒன்றைக் கற்றுத் தந்தது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவே ஓசையில்லாமல் ஒரு 'பி' நிற்பதேன் என்று பேத்தி ஒருநாள் சலித்துக்கொண்டாள். பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' இல்லை. இலத்தீன் மூலச் சொல்லை நினைவூட்டுவதற்காகக் கற்றவர்கள் பிற்காலத்தில் அதைச் சேர்த்தார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. அது பழைய ஆங்கிலச் சொல். அதில் 'எஸ்' இருக்கவில்லை. பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல்லோடு தொடர்புடையது என்று தவறாக எண்ணி, இடையில் 'எஸ்' எழுத்தைச் செருகிவிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது. இன்று அந்த எழுத்தை விட்டுவிட்டு எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார்.

"அன்று அவர்கள் செய்த தவறு இன்று சரியாகிவிட்டது. அப்படியானால், நான் இன்று செய்யும் தவறும் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு சரியாகிவிடலாம், இல்லையா?" என்று பேத்தி கேட்டாள்.

"ஆகலாம். அதுவரை இருபது சென்" என்றார் தாத்தா.

கடைத்தெருவுக்குப் போனாலும் வழக்கு நிற்பதில்லை. 'தெக்சி', 'பாஸ்', 'ஃபார்மாசி', 'கவுண்டர்' என்று பலகைகளில் மலாய்மொழி எழுத்துக்கூட்டல் இருக்கும். மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972-ஆம் ஆண்டில் தத்தம் மொழிகளுக்குப் பொதுவான எழுத்துக்கூட்டல் முறையை ஏற்றுக்கொண்டன. ஆங்கிலத்திலிருந்து வாங்கிய சொல்லானாலும், மலாயில் அதைக் காதில் விழும் ஒலிக்கு ஏற்பவே எழுதுகிறார்கள். அதனால், டாக்சியைக் குறிக்கும் சொல்லில் ஆங்கிலத்தில் உள்ள 'எக்ஸ்' மலாயில் 'கே-எஸ்' ஆகிறது. பேத்தி ஒருமுறை ஆங்கிலத் தேர்வில் 'ஃபார்மசி' என்ற சொல்லை மலாய் முறையில் எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். "அந்தந்த வீட்டுக்கு அந்தந்த வீட்டு வழக்கம். நம் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறோம். எல்லா ஊரிலுமா அப்படி?" என்று தாத்தா சொன்னார்.

பாட்டி இந்த ஆட்டத்தில் சேர்ந்ததே இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர் அவர். தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்த பிறகு ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் வேலை செய்தார். அவருடைய ஆங்கிலம் அங்கே காதால் கேட்டுப் பழகியது. மாலையானால் பாட்டி கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்நேரம் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியும் தம் பாண்டான் செடிகளைப் பார்க்க வருவார். இருவரும் வேலிக்கு இருபுறமும் நின்று, மலாயும் ஆங்கிலமும் கலந்து அரைமணி நேரமாவது பேசுவார்கள். மழை, விலைவாசி, மூட்டு வலி, பேரப்பிள்ளைகள் என்று அவர்கள் பேசாத செய்தி இல்லை. பேச்சு முடிந்து திரும்பும்போது பாட்டியின் கையில் பாண்டான் இலையும், அந்த அம்மாள் கையில் கறிவேப்பிலையும் இருக்கும்.

ஒருநாள் மாலை, வேலியோரம் நின்ற பாட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவு மின்தடை ஏற்பட்டதாம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததையும், மின்சாரம் வந்தபின் மின்விசிறியைப் போட்டதையும் சொன்னார். 'லைட்' என்ற சொல்லுக்கு முன் 'ஆஃப்' என்பதையே வினைச்சொல்லாக்கினார். மின்விசிறிக்கு 'ஓப்பன்' என்றார். அப்போது பேத்தி தோழிகள் இருவரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாட்டி! மின்விசிறி என்ன கதவா, திறப்பதற்கு? இரண்டு வழக்கு, நாற்பது சென்!" என்று அவள் உரக்கச் சொன்னாள். தோழிகள் சிரித்தார்கள்.

பாட்டியும் சிரித்தார். உள்ளே போய்ச் சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு இருபது சென் நாணயங்களை டின்னில் போட்டார். பேத்தி அதை அப்போதே மறந்துவிட்டாள்.

ஒரு வாரம் சென்றது. பள்ளியிலிருந்து திரும்பிய பேத்தியைப் பக்கத்து வீட்டு மூதாட்டி வேலியருகே அழைத்தார். பாண்டான் இலைக்கட்டு ஒன்றை நீட்டியவாறு, "உன் பாட்டிக்கு உடம்பு சரியில்லையா? சாயங்காலம் வருவதே இல்லையே. நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா?" என்று மலாயில் கேட்டார்.

பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை. இலைக்கட்டைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் கொடுத்து, "ஏன் பாட்டி இப்போதெல்லாம் வேலிப்பக்கம் போவதில்லை?" என்றாள்.

பாட்டி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு எங்கம்மா இங்கிலீஷ் தெரியும்? தப்புத் தப்பா பேசி நாலு பேர் சிரிக்கறதுக்கு, சும்மா இருந்துடலாம். அந்த அம்மாவும் இத்தனை நாளா மனசுக்குள்ள சிரிச்சாங்களோ என்னமோ."

பேத்தி பதில் பேச முடியாமல் நின்றாள். அன்று வாசலில் சிரித்தவர்கள் யார் யார் என்பது அவள் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி சிரிக்கவே இல்லை.

அன்றிரவு அவள் தாத்தாவிடம் நடந்ததைச் சொன்னாள். தாத்தா அகராதியை எடுத்து, அதன் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். அங்கே அவருடைய இளமைக்காலக் கையெழுத்தில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. பிரித்தலைக் குறிக்கும் 'செப்பரேட்'. அதன் நடுவிலிருந்த 'ஏ' எழுத்தின் கீழ் இரண்டு கோடுகள் போடப்பட்டிருந்தன.

"வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடிதம் எழுதினேன். இந்தச் சொல்லில் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'இ' எழுதிவிட்டேன். மேலதிகாரி அந்தக் கடிதத்தை எல்லார் முன்னிலையிலும் உயர்த்திப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். அறை முழுதும் சிரித்தது. அவர் சொன்ன திருத்தம் சரிதான். ஆனால், அதற்குப் பிறகு ஒரு மாதம் என் கை எழுதவே தயங்கியது. தெரிந்த சொல்லிலும் ஐயம் வந்துவிடும். முதல் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பணத்தில் இந்த அகராதியை வாங்கினேன். ஆசையால் வாங்கவில்லையம்மா, பயத்தால் வாங்கினேன். நீ முதலாம் படிவம் போனபோது, ஆங்கிலத்தில் எழுதப் பயமாக இருக்கிறது என்று அழுதாய். நினைவிருக்கிறதா? தவறு செய்தால் சிரித்துவிட்டு இருபது சென்னோடு போகட்டும் என்றுதான் அந்த டின்னை மேசைமேல் வைத்தேன்."

பேத்தியின் கண்கள் கலங்கின. "நான் அதே டின்னைக் கொண்டு பாட்டியைப் பயமுறுத்திவிட்டேன்" என்றாள்.

அருகில் மாணவர்களின் பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "நீ சொன்ன திருத்தத்தில் பிழையில்லை. தேர்வில் பாட்டியைப்போல எழுதினால் மதிப்பெண் கிடைக்காதுதான். ஆனால், பாட்டி ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசித்தாயா? மலாயில் விளக்கைப் போடுவதற்கு என்ன சொல்வார்கள்?"

"'பூக்கா லம்பு'."

"பூக்கா என்றால் திற என்றுதானே பொருள்? சீன மொழியிலும் விளக்கைத் 'திற' என்றே சொல்வார்கள். பாட்டி அந்த மொழிகளைப் பேசுகிறவர்களோடு வேலை செய்து அவர்கள் ஆங்கிலத்தைக் கற்றவர். அதனால்தான் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பாட்டி சொல்வது உடனே விளங்குகிறது. இந்த வட்டாரத்தில் பிறந்த பேச்சு அது. 2016-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இங்கெல்லாம் வழங்கும் 'ஷியோக்', 'ஹாக்கர் சென்டர்' முதலிய சொற்களையும் சேர்த்துக்கொண்டதே."

அம்மா, குளிர்பெட்டியின்மேல் காந்தத்தால் ஒட்டியிருந்த சாமான் பட்டியலைச் சுட்டிக் காட்டினார். அது பாட்டி எழுதியது. அதில் 'தலை', 'பனை' போன்ற சொற்களில் வரும் 'லை', 'னை' எழுத்துகள், யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய வடிவத்தில் இருந்தன. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதிய வடிவங்களே பாடநூல்களில் இடம்பெற்றன. பாட்டி பள்ளியில் படித்தது அதற்கு முன்பு.

"பாட்டி தவறாகவா எழுதியிருக்கிறார்?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை. அவர் படித்த காலத்தில் அதுதான் சரி."

"நாம் இந்த ஆட்டத்துக்கு 'வழக்கு' என்று பெயர் வைத்திருக்கிறோம். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நீதிமன்றத்தில் தொடுப்பதும் வழக்கு. மக்கள் பேச்சில் வழங்கிவருவதும் வழக்கு. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனதையும், 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆனதையும் நம் இலக்கணம் தள்ளிவிடவில்லை. மரூஉ, இலக்கணப்போலி என்று பெயர் தந்து ஏற்றுக்கொண்டது. தேர்வுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் எல்லாரும் ஒப்புக்கொண்ட எழுத்துக்கூட்டல் வேண்டும். அதை நீ கற்றே ஆக வேண்டும். வேலியோரப் பேச்சுக்கு வேண்டியது வேறு."

மறுநாள் பேத்தி ஆட்டத்தில் ஒரு புதிய விதியை எழுதி டின்மேல் ஒட்டினாள். 'ஆட்டத்தில் சேர்ந்தவர்மீது மட்டுமே வழக்குத் தொடுக்கலாம். பிறர் முன்னிலையில் தொடுக்கக் கூடாது.' பின்னர்ப் பாட்டியின் நாற்பது சென்னோடு தன்னுடைய நாற்பது சென் சேர்த்து அவர் கையில் வைத்து, "மன்னித்துவிடுங்கள், பாட்டி" என்றாள். பாட்டி அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். ஆனால், அன்று மாலையும் வேலிப்பக்கம் போகவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை, பேத்தி ஒரு விளம்பரத் தாளோடு பாட்டியிடம் வந்தாள். லங்காவியில் படகுச் சவாரி பற்றிய தாள் அது. அதிலிருந்த படத்தில், அடிப்பகுதி இரண்டாகப் பிரிந்த பெரிய பாய்மரப் படகு ஒன்று நின்றது.

"இந்தப் படகுக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று பெயர். அது நம் சொல்லாம், பாட்டி. உங்களுக்குத் தெரியுமா?"

பாட்டி அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "கேட்டமரான்... கட்டுமரமா?" என்றவர், படத்தை மீண்டும் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதுவா கட்டுமரம்? எங்க அப்பா நாகப்பட்டினத்துக் கடற்கரையில பிறந்தவரு. நாலஞ்சு மரத்தைச் சேர்த்துக் கயிற்றால கட்டினா அதுதான் கட்டுமரம்னு சொல்வாரு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காய வைப்பாங்களாம். இதை அவிழ்த்துக் காய வைக்க முடியுமா?"

பேத்தி அகராதியைத் திறந்தாள். அந்தச் சொல் தமிழிலிருந்து வந்தது என்று அதில் தெளிவாக இருந்தது. கட்டிய மரத்தெப்பம் என்ற பொருளும் இருந்தது, இரட்டை அடிப்பகுதிப் படகு என்ற பொருளும் இருந்தது. இருவருக்கும் ஆர்வம் பிறந்தது. 'சுருட்டு' ஆங்கிலத்தில் 'ஷெரூட்' ஆகியிருந்தது. 'மிளகுத்தண்ணீர்' 'மலிகடானி' என்னும் சூப்பாகியிருந்தது. அதைக் கேட்ட பாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு திடீரென்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு மைலோ டின்னைத் தம் பக்கம் இழுத்தார்.

"நானும் இந்த ஆட்டத்துல சேர்ந்துக்கறேன். முதல் வழக்கு இங்கிலீஷ் மேல. நம்ம சொல்லை எடுத்தாங்க. எழுத்தை மாத்தினாங்க. உச்சரிப்பை மாத்தினாங்க. கட்டுமரத்தைக் கப்பலாவே ஆக்கிட்டாங்க. அவங்க நம்ம சொல்லை அப்படிச் சொன்னா அகராதியில போடறாங்க. நான் அவங்க சொல்லை இப்படிச் சொன்னா மட்டும் இருபது காசா?"

யாரும் பதில் பேசவில்லை. நீதிபதியான அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா எழுந்து, சட்டைப்பையைத் துழாவி, ஆங்கில மொழியின் சார்பில் இருபது சென் நாணயம் ஒன்றை டின்னில் போட்டார்.

அன்று மாலை பாட்டி ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பறித்துக்கொண்டு வேலியருகே சென்றார். பேத்தியும் பின்னாலேயே போனாள். பக்கத்து வீட்டு மூதாட்டி வெளியே வந்தார். பாட்டி தயங்கி, பேத்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, வெயில் தாங்க முடியாமல் பகல் முழுதும் மின்விசிறியைத் 'திறந்தே' வைத்திருந்ததாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"நானும்தான்" என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்ன மூதாட்டி, தாம் குளிர்சாதனத்தையும் சேர்த்துத் 'திறந்துவிட்டதாக'ச் சொல்லிச் சிரித்தார்.

பேத்தி வாளியை எடுத்து இரு பக்கத்துச் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.